கறை பிடிக்கிற கத்தி

இல்லம்மா, இது வேண்டாம். மடக்குக் கத்தி எங்க வீட்டுலயே கெடக்கு. மடங்காத கத்தியா எடுத்துக் காட்டுங்க. அலகும் பிடியும் ஒண்ணா, நிமுந்து நிக்கணும். நடுவுல ஆணி வச்சு மடக்குறது, ஸ்பிரிங்கு போட்டுத் தெறிக்கிறது, அந்த வித்தையெல்லாம் வேண்டாம். மடங்குற கத்தி என்னைக்காவது ஒருநாள் கைய வெட்டிரும்னு சொல்லுவாக. ஆரு சொல்லுவாகளா? எங்க வீட்டுக்காரவுகதான். எனக்குத் தெரிஞ்ச கத்தி சாஸ்திரம் பூராவும் அவுக வாயிலருந்து வந்ததுதான் பாத்துக்கிடுங்க.

ஆமா, தமிழ்தான், திருநெல்வேலிப் பக்கம். நான் உள்ள நுழைஞ்சதும் நீங்க இந்தியில கேட்டீங்களா, எனக்கு ஒண்ணும் ஓடல. கல்லாவுக்கு மேல முருகன் படத்தப் பாத்ததும் வாயி தானாத் தமிழுக்குத் திரும்பிட்டு. நீங்க? ஓ, பொறந்ததே பூனாவுலயா. அப்பா மிலிட்டரியில இருந்து ரிட்டையராகி வச்ச கடையா. அதான் தண்ணி பாட்டிலு, கித்தான் பையி, பூட்ஸுன்னு எல்லாம் பச்சைப் பச்சையாத் தொங்குது. இப்பம் தனியாவா பாக்கீங்க? கஷ்டந்தான். தங்கச்சின்னு கூப்புடலாமா? பேரு என்ன? ஷீலாவா. நல்ல பேரு.

எங்க, அதக் காட்டுங்க. ஏயப்பா, என்ன இப்பிடி மின்னுது. சில்வரா? எனக்கு மின்னுற சாமான் மேல நம்பிக்கையே கெடையாது தங்கச்சி. துருப் பிடிக்காதுங்கீங்க. அதனாலதான் வேண்டாங்கேன். எனக்குத் துருப் பிடிக்கிற கத்திதான் வேணும். சிரிக்கீங்க. சிரிங்க. இப்பிடிக் கேக்குற மொத ஆளு நானாத்தான் இருப்பேன்.

நீங்க அருவாமணையில அரிஞ்சிருக்கீங்களா? இரும்பு அருவாமணையில? அப்பம் ஒங்களுக்குத் தெரியும். வாழைக்கா அரிஞ்சாக் கருத்துப் போகும். எலுமிச்சம்பழம் அரிஞ்சுட்டுக் கழுவ மறந்தா, மறுநா காலையில சொட்டு விழுந்த எடமெல்லாம் புள்ளி புள்ளியாத் தெரியும். என்னத்த வெட்டுனோம்னு இரும்பு தன் மூஞ்சியிலயே காட்டிரும். சில்வரு அப்பிடியா? நாலு கொலை பண்ணிட்டு வந்தாலும் ஒரு துணிய வச்சுத் தொடச்சாப் போதும், பச்சப்புள்ள மாதிரி மூஞ்சிய வச்சிக்கிடும்.

எதுக்கா? மலைக்குத்தான். எங்க வீட்டுக்காரவுக ஞாயித்துக்கிழமை ஆனா மலை ஏறப் போறாக. சிங்கட் கோட்டை, அந்தால ராஜ்கட்டு, மழைக்காலத்துல லோணாவளாப் பக்கம். கூட வேலை பாக்குற மராட்டிக்காரப் பையங்களோட. கிர்க்கி குவார்ட்டர்ஸ்லதான் இருக்கோம், பேக்டரி வேலை. கல்யாணமான புதுசுல என்னைய இந்த ஊரு பார்வதி கோயிலுக்கு, அந்தச் சின்னக் குன்னுக்குக் கூட்டிட்டுப் போனாக. பாதிப் படியில ஒக்காந்து மூச்சு வாங்குனாக, நாந்தான் தண்ணி குடுத்து ஏத்துனேன். கூரை ஏறிக் கோழி பிடிக்கமாட்டாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். நான் வாய்விட்டுச் சொல்லல. நெனச்சேன்.

டீயா? இப்பம் எதுக்குத் தங்கச்சி. சரி, ஊத்திட்டீங்க, குடுங்க.

ம். ஏலக்கா போட்டிருக்கீங்க.

ஒண்ணுமில்ல, நல்லாருக்கு. எங்க வீட்டுல நான் இஞ்சி தட்டித்தான் போடுவேன். கொஞ்ச நாளா எங்க வீட்டுக்காரவுகளுக்கு இஞ்சி எரியுதாம், ஏலக்கா போட்டா என்னன்னு கேக்காக. புதுசா எங்க குடிச்சுப் பழகுனீகன்னு கேட்டேன். மலை மேல ஒரு டீக்கடைக்காரன் போடுதானாம். மலை மேல தண்ணி சொமக்கவே நாக்குத் தள்ளும், அவன் ஏலக்கா தட்டிப் போடுதான். போடட்டும்.

இது என்ன, கட்டைப் பிடியா? இருங்க, பாக்கேன். அலகு பிடிக்குள்ள எதுவரைக்கும் போகுது? பாதி வரைக்குந்தானா. அப்பம் வேண்டாம். வெறகு மேல வச்சு ஒரு தட்டுத் தட்டுனா பிடி தனியா, அலகு தனியாக் கையில வந்துரும். இரும்பு பிடியோட வால் வரைக்கும் ஓடணும், ரெண்டு பக்கமும் கட்டைய வச்சு ஆணி அடிச்சிருக்கணும். முதுகு நல்லாத் தடியா இருக்கணும். பிளாஸ்டிக்குப் பிடின்னா மழையில வழுக்கும். தோலு உறைன்னா ஈரத்துல ஊறி அழுகும். பாத்தீங்களா, பாடம் எப்பிடி ஒப்பிக்கேன். நானா ஒரு நாளாவது காட்டுக்குப் போனேன்? எல்லாம் அவுக சொன்னதுதான். ஒவ்வொரு கத்தி வாங்கிட்டு வரும்போதும் முந்துனதுல என்ன கொறைன்னு சோத்துத் தட்டுக்கு முன்னால ஒக்காந்து எனக்கு வெளக்குவாக. நானும் ம் போட்டுக்கிட்டே கொழம்பு ஊத்துவேன்.

எத்தனை கத்தியா? கட்டிலுக்கு அடியில ஒரு டிரங்குப் பெட்டி இருக்கு, அது நெறைய. மொதல்ல வாங்குனது மடக்குக் கத்தி. அது ஆடுதுன்னாக. அடுத்தது பிடி சரியில்லன்னாக, அதுக்கடுத்தது முதுகு மெலிசாம், இன்னொண்ணுக்கு உறை லூசாம். ஒரு கத்தி கையில கனக்குதுன்னு அத எடுத்து வச்சுட்டு வேற வாங்குனாக. கத்தின்னா கனக்காதா? பொண்ணு பாக்கப் போனவனுக்குக் கூட இத்தனை நொட்டை தெரியாது தங்கச்சி.

எங்க வாங்குதாகளா? அத நானும் கேட்டேன். ஒரு கடைன்னு இல்லயாம், போற வழியில எங்கயாவது வாங்குவாகளாம்.

நான் சந்தேகப் புத்திக்காரின்னு நெனைக்காதீங்க. இல்ல, நெனச்சாலும் நெனச்சுக்கிடுங்க, ஆயிட்டேன். மொதல்ல அப்பிடி இல்ல. ஆடி மாசத்து மழையில, இந்த ஊரு மழை ஒங்களுக்குத் தெரியாததா, ஊரே சகதி. அவுக சிங்கட்டுக்குப் போயிட்டு வாராக, பூட்ஸு அடியில ஒரு பொட்டுச் சேறு இல்ல. கேட்டா, கீழ வந்து கழுவுனேன்னாக. சரின்னு விட்டேன். பெட்டியத் தெறந்து கத்திய எடுத்துப் பாத்தேன். மூங்கில் வெட்டுனேன், வெறகு பொளந்தேன்னு அளந்துக்கிட்டு இருந்தாக, கத்தியில ஒரு கீறல் இல்ல. கடையில தடவுன எண்ணெ கூட விரல்ல ஒட்டுது. அதையும் கேட்டேன். நல்லாத் தொடச்சு, நாந்தான் புதுசா எண்ணெ போட்டு வச்சேன்னாக. எதுக்கும் ஒரு பதில் இருக்கு. எல்லாமே சில்வரு, அது அவுக கட்சி. நான் என்னத்த வச்சுப் பேச?

பெறவு ஒரு ஞாயித்துக்கிழமை அவுக மலைக்குப் போட்டுட்டுப் போன சட்டையத் தொவைக்கப் போட்டேன். நெஞ்சுல கறை. மோந்து பாத்தேன். புளிக்கொழம்பு. அதுவும் சுண்டவத்தல் போட்ட கொழம்பு, நல்லெண்ணெ வாசம் அப்பிடியே இருக்கு. அந்த மலை மேல என்ன கெடைக்கும்னு ஒங்களுக்கே தெரியும். கடலைமாவுப் பிட்லா, சோள ரொட்டி, சட்டித் தயிரு. மராட்டிக்காரப் பொம்பளைக விக்காக. அங்க ஆரு தங்கச்சி சுண்டவத்தக் கொழம்பு வச்சுப் பரிமாறுதது? கத்தியில கறை இல்ல, சட்டையில இருக்கு. அன்னைக்கு நான் சட்டையக் கையில வச்சுக்கிட்டு பாத்ரூம்லயே ஒக்காந்துட்டேன்.

நீங்க ஞாயித்துக்கிழமை கடை தெறப்பீங்களா? லீவா. இந்தக் கேம்ப் பஜார்ல நெறையப் பேரு லீவு விடுதாக போல. நல்லதுதான், வாரத்துல ஒரு நாளாவது நாமளா சமைச்சு ஒழுங்காச் சாப்புடணும்ல.

அந்தா, அந்த மூலையில கருப்பாக் கெடக்கே, அது என்ன? அத எடுங்க. ஏன், வாங்க மாட்டேன்னா நெனச்சீங்க? எடுங்க, பாப்போம். லாரி ஸ்பிரிங்குப் பட்டையிலயா அடிச்சது? பட்டறைக்காரன் அடிச்சுக் கொண்டாந்து போடுதானா. நல்ல கனம். பாத்தீங்களா, இரும்பு வால் வரைக்கும் வந்திருக்கு, மூணு ஆணி. அசிங்கமாத்தான் இருக்கு. இருக்கட்டும். வெல? அவ்வளவுதானா. ரெண்டாயிரத்துக்கு வெளிநாட்டுக் கத்தி கண்ணாடிக்குள்ள மின்னுது, இது கெழங்கு மாதிரிக் கெடக்கு. ஆனா பத்து வருசம் ஒழைக்கும், இல்லயா? இதுதான் எனக்கு வேணும்.

என்ன பண்ணப் போறேன்னா, வார ஞாயித்துக்கிழமை இத நானே அவுக பையில வச்சு விடப் போறேன். கூடவே ரெண்டு எலுமிச்சம்பழம், நாலு வெங்காயம், ரெண்டு வாழைக்கா. போற எடத்துல இந்தக் கத்தியால அரிஞ்சு சாப்புடுங்கன்னு சொல்லுவேன். சாயந்தரம் கத்தி கருத்து வந்துச்சுன்னா நாந்தான் பாவி, அவுக கால்ல விழுந்து கும்புட்டுக்கிடுதேன். கருக்காம வந்துச்சுன்னா, அப்பம் அவுக எனக்கு எந்தச் சாக்கும் சொல்ல முடியாதுல்லா. இரும்பு கழுவுனாலும் காட்டிக் குடுத்துரும்.

ஒங்க டீ ஆறுது தங்கச்சி, குடிங்க.

எனக்குப் பயமா இருக்கு. அத ஆரு கிட்டயும் சொல்லல, ஒங்க கிட்டச் சொல்லுதேன். இந்த ஊர்ல எனக்கு அவுகள விட்டா ஆரு இருக்கா? பாஷை தெரியாது. பக்கத்து வீட்டு மராட்டிக்காரி நல்லவதான், ஆனா சிரிச்சுக்கிடுவோம், அவ்வளவுதான். எம் பொண்ணு அஞ்சாப்பு படிக்கா, அவளுக்கு அப்பான்னா உசுரு. அவுக நல்லவுகதான் தங்கச்சி. குடிக்க மாட்டாக, ஒரு நாளு கை நீட்டுனது கெடையாது. வீட்டுல ஏதோ கொறைன்னு நெனைச்சாக போல. கத்திக்கே அத்தனை கொறை சொல்லுதவுக, என்னைய ஒரு வார்த்த சொன்னது இல்ல. அதான் எனக்குப் பொறுக்கல. சொல்லியிருந்தா ஏலக்கா நானும் போட்டிருப்பேன்லா.

இல்ல இல்ல, கண்ணெல்லாம் ஒண்ணும் இல்ல. டீ சூடு. கத்தியப் பொட்டலம் கட்டிராதீங்க, இன்னொரு வேலை இருக்கு.

அந்த மேசையில வயரு தொங்குதே, பேனா மாதிரி, அது பேரு வெட்டுற மிசினுதான? பாத்திரத்துல வெட்டுவாகள்லா, அது. கத்தியிலயும் வெட்டித் தருவீங்களா? தமிழ்லயா?

அதான பாத்தேன். கிர்க்கி பஜார்ல ஒரு பாத்திரக்கடை விடாம ஏறி எறங்கிட்டேன். இந்தியில வெட்டுவோம், இங்கிலீசுல வெட்டுவோம்னாக, தமிழுக்கு ஒருத்தரும் இல்ல. கடைசியில ஒரு வயசான சேட்டுதான் சொன்னாரு, கேம்ப்ல மிலிட்டரி சாமான் கடை வச்சிருக்க மதராசிப் பொண்ணு வெட்டும்னு. ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன்.

எதுக்குத் தமிழ்லதான் வேணும்னு கேக்குதேன்னா, பெட்டியில கெடக்குற அத்தனை கத்தியிலயும் பிடிக்கிட்ட அவுக பேரு தமிழ்லதான் வெட்டியிருக்கு. எம் பொண்ணுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கூட வேலை பாக்குற மராட்டிக்காரனுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்ல. சீர்ப் பாத்திரம் முழுக்க எங்கப்பா பேரு வெட்டி வாங்கிட்டு வந்தவ நான், ஒரே கை வெட்டுனதுன்னு பாத்தாத் தெரியாதா எனக்கு. போற வழியில ஏதோ ஒரு கடையாம்.

ஒக்காருங்க தங்கச்சி, ஏன் நிக்கீங்க. நான் சண்டை போட வரல. ஒங்க கிட்ட என்ன சொல்லியிருக்காகளோ, பொண்டாட்டி இருக்கான்னு சொன்னாகளோ இல்லயோ, அது எனக்குத் தெரியாது. நான் கேக்கவும் இல்ல. கத்தி வாங்க வந்தேன், வாங்கியாச்சு. துட்டு இந்தா இருக்கு.

மிசினப் போடுங்க. என்ன பேரு வெட்டணும்னு நீங்க இன்னும் கேக்கவே இல்லயே. கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன், எங்க ஊர்ல புருசன் பேரப் பொம்பளை வாயால சொல்லுத வழக்கம் கெடையாது. ரேசன் கடையில கூட எம் பொண்ணத்தான் சொல்லச் சொல்லுவேன். நீங்களே வெட்டிருங்க, ஒங்க கைக்குப் பழகுன பேருதான். பேரு முடிஞ்சதும் பக்கத்துல சின்னதா ஒரு பூ போடுவீங்கல்லா, இதுல அது மட்டும் வேண்டாம்.