வேதத்தில் இல்லாத பூனை

— அதில்லம்மா மருமகளே, இந்த வீட்டுல யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம் ஒண்ணு இருக்கு. உங்க அத்தை ‘வேதத்துல போட்டிருக்கு’ன்னுட்டா பேச்சு முடிஞ்சுது. ஒருத்தரும் புத்தகத்தத் தொறந்து பாக்கக் கூடாது.

— அதுக்காக இந்தக் குட்டிய வெட்டுத்துணிக் கூடையில ஒளிச்சு வைக்கணுமா மாமா? மூச்சு முட்டிடப் போகுது.

— உஸ்! ‘பூனை புகுந்த வீட்டுல ஆசீர்வாதம் தங்காது’ன்னு வேதத்துல இருக்காம். ஜெபக் கூட்டம் முடிஞ்சு அவ வந்தா, இவன் தெருவுல நிப்பான். நொண்டிக் கால், மழை வேற.

— நாலு மாசமா எங்க அச்சகத்துல வேதத்துக்குத்தான் மாமா பிழை திருத்தறேன். ஒரு வரி விடல. சிங்கம் வருது, கழுதை வருது, கழுதை பேசக்கூடச் செய்யுது. பூனை எங்கயுமே வரல.

— எங்கயுமேவா? அப்ப ஆதி மனுஷன் ஆப்பிளத் தின்னுதான் கெட்டான்னு உங்க அத்தை சொன்னது?

— பழம்னுதான் போட்டிருக்கு. என்ன பழம்னு இல்ல.

— அடக் கொடுமையே! இருபத்தெட்டு வருஷமா நான் ஆப்பிளக் கண்ணால பாக்கறதோட சரி!

— அத்தை வந்ததும் கேட்டுடலாமா?

— ஐயையோ, வேண்டாம்மா! ஊரே அவள வேதம் தெரிஞ்சவங்குது. நாம போய் அவ தலையக் குனிய வைக்கறதா? ஆங், செருப்புச் சத்தம். கூடைய மறை, மறை!

— என்ன, மாமனாரும் மருமகளும் சுவரா நிக்கறீங்க? பின்னால என்ன சத்தம்?

— தையல் மெஷினுக்கு எண்ணெய் பத்தலடி.

— எண்ணெய் பத்தாத மெஷின் ‘மியாவ்’னா சொல்லும்? பூனையப் பத்தி வேதத்துல என்ன போட்டிருக்கு?

— கோவிச்சுக்காதீங்க அத்தை... எந்த அதிகாரத்துல?

— அம்மா தாயே, சும்மா இரு!

— அவள ஏன் அடக்கறீங்க? நகருங்க, புத்தகத்த நானே எடுக்கறேன். இந்தாம்மா, தொறந்தாச்சு. பூனையும் இல்ல, ஆப்பிளும் இல்ல. முழுசா மூணு தரம் படிச்சவ நான்.

— தெரிஞ்சேவாடி சொன்ன?

— கல்யாண கவுன் மேல கடிச்ச ஆப்பிள வைக்காதீங்கன்னு ஒரு வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன், காதுல ஏறுச்சா? வேதம்னு ஒரே ஒரு தரம் சொன்னேன். ஆப்பிள் போன இடம் தெரியல.

— அப்ப பூனை?

— கறுப்புக் கோட்டு மேல வெள்ளை முடி ஒட்டினா யாரு உதறுவா?

— சரி, மழை விட்டதும் கொண்டுபோய் விட்டுடறேன்.

— நொண்டிக் கால வெச்சுக்கிட்டு அது எங்க போகும்? பால் காய்ச்சி ஊத்துங்க. இங்கயே இருக்கட்டும், தையல் அறைக்குள்ள மட்டும் வரக் கூடாது. வேதத்துல இல்ல, நான் சொல்றேன்.