பழனிமுத்துவுக்குத் தங்க எழுத்தில்

வாழ்த்து அட்டைகளை யாரும் வாசிப்பதில்லை. பார்ப்பார்கள், திருப்பிப் பார்ப்பார்கள், மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறவர்களும் உண்டு. காலேஜ் நாளிலிருந்தே பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அட்டை செய்கிறவன் நான் என்பதால், இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

செய்முறையையும் கேட்டீர்கள். கெட்டி அட்டையைப் பித்தளை அச்சில் வைத்து அழுத்தினால் ஓரத்தில் மாவிலைத் தோரணம் புடைத்து நிற்கும். பிறகு ரப்பர் எழுத்துகள். மாத்தளை டவுனில் முத்திரை வெட்டும் ஜுனைதீன் நானாவிடம் இரண்டு செட் வெட்டி வாங்கியிருந்தேன். பெயருக்குப் பெரியது, வாசகத்துக்குச் சின்னது. பெயரை ஒற்றி, மை காயுமுன் தங்கத்தூளைத் தூவி ஊதிவிட்டால், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன் பெயரும் மகாராஜா பெயர் மாதிரி மினுங்கும். கையெழுத்து என்றால் எழுதியவன் யாரென்று தெரிந்துவிடும். ரப்பர் எழுத்துக்கு அந்தக் கெட்ட பழக்கம் கிடையாது.

என் அப்பா அலுவிகாரைக்கு மேலே உள்ள தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. எங்கள் குடும்பத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமை முன்பே கிடைத்துவிட்டது. காலேஜில் சுவர்ப் பத்திரிகை நடத்தினேன். பிரஜாவுரிமை கேட்டு அரசாங்கக் கச்சேரிக்குப் போன எருமையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். பாட்டன் எருமையின் பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று அதைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லாரும் சிரித்தார்கள். மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டார்கள். எருமையை வைத்து எழுதினால் அவ்வளவுதான் என்று அப்போது புரிந்தது.

பழனிமுத்து எங்கள் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே கவ்வாத்து வெட்டிக் கை காய்த்தவர். மனைவியை அதே மண்ணில் புதைத்திருந்தார். இந்தியாவில் எந்த ஊர் என்று கேட்டால், கோயில் இருக்கிற ஊர் என்பார். எந்தக் கோயில் என்றால் தெரியாது. ஒரே மகள் கமலாட்சி, பல்லேபொலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருஷனுக்குப் பிரஜாவுரிமை கிடைத்து, அவளுக்கும் கிடைத்தது. கிழவருடைய மனு மட்டும் முடிவாகாமல் நின்றுகொண்டிருந்தது. அது தவறினால் மகள் ஒரு கரை, அவர் ஒரு கரை. அவருக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

அறுபதாம் ஆண்டு பொங்கலுக்கு முன்பு கமலாட்சி என்னிடம் வந்தாள்.

“சின்னய்யா, அப்பாவுக்கு ஒரு வாழ்த்து வேணுங்க. பேரு பெருசா, தங்கத்துல. தபால்ல போகணும். அவரு பேருக்குத் தபாலே வந்ததில்லைங்க.”

“உள்ளுக்கு என்ன போட?”

“கடைசி வரைக்கும் இங்கனயே எங்களோட இருக்கணும் அப்பான்னு போடுங்க. விசாரணைக்கு வேற வர்றாங்களாம். நல்ல வார்த்தையா இருக்கட்டும்.”

“விசாரணைக்கு வாற தொரையும் படிக்கிற மாதிரிப் போட்டுத் தாறேன்” என்றேன்.

அதில் பொய் இல்லை.

பெயரைப் பெரிய எழுத்தில் ஒற்றினேன். அதன் கீழே, சின்ன எழுத்தில் இப்படி ஒற்றினேன்: ‘ஊரில் நம் வீடு கட்டி முடிந்தது. நிலத்தில் நடவும் ஆயிற்று. அந்த நாட்டில் இருந்தது போதும் அப்பா. எப்போது வருகிறீர்கள்? அன்பு மகள்.’ கமலாட்சிக்குத் தன் பெயரை எழுத மட்டும் தெரியும். தோரணத்தைத் தடவிப் பார்த்தாள், கண் கலங்கினாள், தபாலில் போட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் பழனிமுத்து அதைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தார்.

“எம் பேருக்குத் தபால் வந்திருக்குங்க. கவர்மெண்டா?”

“இல்ல, உங்க மக.”

கமலாட்சி சொன்னதை அப்படியே வாசித்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். “இதுல எம் பேரு எதுங்க?” என்றார். அவர் விரலைப் பிடித்துப் பெயர்மேல் வைத்தேன். கொஞ்சம் தங்கத்தூள் விரலில் ஒட்டியது. அதை அவர் துடைக்கவில்லை.

கண்ணாடிச் சட்டம் போட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தம் காம்பராவில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். லயமே வந்து பார்த்தது. எழுத்துத் தெரிந்தவர்களும் வந்தார்கள். கிழவர் மனப்பாடமாகச் சொல்லிக் காட்டியபின் ஒருவராவது சின்ன எழுத்துக்குக் குனியவில்லை. நான் முதலில் சொன்னது இதைத்தான்.

விசாரணை நாளில், தோட்டத்து ஆள் பேர்ப் பதிவான செக்ரோலைக் கொண்டுபோய்க் காட்டும்படி அப்பா என்னை அனுப்பினார். கிழவரின் காம்பராவில் அதிகாரி முக்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். செக்ரோலை அதிகாரி திறக்கக்கூட இல்லை. அப்போது பழனிமுத்து தாமாகவே சுவரிலிருந்த அட்டையைக் கழற்றி நீட்டினார்.

“பாருங்கய்யா, எம் பேரு. தங்கத்துல.”

மொழிபெயர்ப்பாளர் குனிந்தார். அந்த அட்டையை முதன்முதலாக வாசித்த மனிதர் அவர்தான். அதிகாரியிடம் ஏதோ சொன்னார். பிறகு கேட்டார்: “இது உங்க மகள் அனுப்பினதா?”

“ஆமாங்க, எம் மகதாங்க” என்றார் கிழவர், வாயெல்லாம் பல்லாக.

மகள் பல்லேபொலையில் இருக்கிறாள் என்று மனுவின் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. மனு அதிகாரியின் மடியில்தான் கிடந்தது. திருப்புவாரா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். திருப்பவில்லை. கொடுத்த பிளேன்டியைக் குடித்துவிட்டு எழுந்தார். ஒரு மனிதன் ஆயுள் முழுக்க வெட்டிய தேயிலையையும் அவன் மனைவியின் குழியையும் நம்புவார்களா, அல்லது என் ரப்பர் எழுத்தை நம்புவார்களா என்பதே என் கேள்வி. எருமைக் கட்டுரையில் சொல்ல முடியாததை அன்று சொல்லி முடித்தேன். என் கருத்து சரியாக இருந்தது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

நிராகரிப்புக் கடிதம் வந்தபோதும் நான்தான் வாசித்தேன். “இந்த நாட்டில நிரந்தரமா இருக்கிற எண்ணம் உங்களுக்கு இல்லன்னு போட்டிருக்கு.”

“எனக்கா?” என்று கேட்டுச் சிரித்தார். நான் வாசித்து அவர் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

பதில் எழுதத் தவணை இருந்தது. அட்டையை ஒற்றியவன் நான்தான் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், அது எனக்குத் தெரியும். ஆனால் கிண்டலை விளக்கினால் அது செத்துவிடும். அப்பாவின் வேலை போய்விடாமலும் பார்க்க வேண்டியிருந்தது. தவணை போயிற்று. சில வருஷத்தில், தோட்டத்து ஆட்களை இரண்டு நாடும் பங்குபோட்டுக்கொண்ட ஒப்பந்தம் வந்தது, கிழவரை இந்தியாவின் பங்கில் எழுதினார்கள்.

மாத்தளை ஸ்டேஷனுக்கு நானும் போனேன். கோச்சி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கமலாட்சி நின்றாள். பழனிமுத்து துணி மூட்டையிலிருந்து அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“சின்னய்யா, ஒருக்கா படிங்க. அங்கிட்டு யாரு படிச்சுக் காட்டப்போறா.”

வாசித்தேன். கடைசி வரைக்கும் இங்கேயே எங்களோடு இருக்க வேண்டும் அப்பா. ஒரு சொல் பிசகவில்லை, குரலும் நடுங்கவில்லை. மனதில் கெட்ட எண்ணம் இருந்தால் நடுங்கியிருக்கும் அல்லவா?

அக்கரையில் இறங்கியவர்களை வைத்திருந்த மண்டபம் முகாமில் யாரோ அதை உள்ளபடி வாசித்துக் காட்டியதாக நீங்கள் சொல்கிறீர்கள். கிழவர் நம்பவில்லையாம். உனக்குப் படிக்கத் தெரியாது, எங்க சின்னய்யா படிச்சதுதான் சரி என்று, கண் மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். பாருங்கள், அவருக்கே என்மேல் ஒரு குறையும் இல்லை. பிறகு நீங்கள் எதற்காக இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.