சம்மந்தி படிக்க வந்த இங்கிலீசு

— 'சே' எண்டால் சும்மா சொல்லுறது. 'டெல்' எண்டால் ஒராளிட்டச் சொல்லுறது. 'ஷி டோல்ட் மீ' எண்டு சொல்லுங்கோ. அதுசரி, சல்லிக் கடற்கரையில வலை இழுக்கிற கதிரவேலருக்கு என்ன திடீரெண்டு இங்கிலீசு ஆசை?

— பழகி வைச்சால் நல்லது தானே, கோணேஸ்வரி டீச்சர்.

— இதென்ன புதுசாய் டீச்சர்? உங்கட மகள் கீர்த்தனியை என்ர மகன் நிருபன் கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து சம்மந்தி எண்டு தானே கூப்பிடுறனீங்கள்.

— படிக்க வந்த இடத்தில டீச்சர் தானே. முந்தியும் நடந்தது, இப்பவும் நடக்குது எண்டால் எப்பிடிச் சொல்லுறது?

— 'ஹேஸ் பீன்' போடவேணும். என்ன நடக்குது?

— சும்மா ஒரு கதைக்குக் கேட்டனான்.

— தேத்தண்ணியும் ஆறிப்போச்சு. வந்ததிலயிருந்து தொடவேயில்லை. சீனிதான் போட்டனான், நஞ்சு போடேல்லை.

— வயிறு சரியில்லை.

— நான் ஓர்ஸ் ஹில் பள்ளிக்கூடத்தில எத்தினை பெடியளை மேய்ச்சனான். முழிக்கிற முழியிலயே பிடிச்சிடுவன். கனடாவுக்குப் போக நிருபனிட்ட ஸ்பொன்சர் கேட்டிருக்கிறியள், என்ன? பெத்தவளுக்குத் தெரியாமல் என்ர மகன்ர வீட்டில போய்க் குந்தப் போறியள்.

— அந்த வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டன்.

— பாத்தியளே, கதை போற போக்கை. கீர்த்தனியும் கன நாளாய்ப் போன் எடுக்கிறேல்லை. கேட்டால் நிருபன், அவளுக்கு வேலை எண்டுறான். எல்லாருமாய்ச் சேந்து என்னத்தை மறைக்கிறியள்?

— காயத்துக்கு 'வூண்ட்' எண்டு சொல்லுறதோ, 'இஞ்சரி' எண்டோ?

— ஆருக்குக் காயம்?

— கையில. நெத்தியிலயும்.

— ஆருக்கு எண்டு கேட்டனான்.

— என்ர பிள்ளைக்கு. நாளைக்குக் கனடாக் கோர்ட்டிலயிருந்து வீடியோவில என்னை விசாரிக்கினம். மொழிபெயர்க்க ஆள் தாறம் எண்டவை. வேண்டாமெண்டிட்டன். அவள் அழுதழுது எனக்குச் சொன்னதை இன்னொராள்ர வாயில குடுக்க ஏலாது.

— நிருபனோ?

— ஓம்.

— ஊரில எத்தினை டீச்சர்மார் இருக்கினம். என்ர மகனுக்கு எதிராய்ச் சொல்ல என்னட்டயே படிக்க வந்தனீங்கள்?

— வெளியில கேட்டால் ஊர் முழுக்கப் பரவும், மாமிக்குத் தலைகுனிவு எண்டு கீர்த்தனி தான் சொன்னவள். அவளுக்காக வந்தனான். இந்த வீட்டில இனிக் கை நனைக்க மாட்டன். ஏலாதெண்டால் சொல்லுங்கோ, எழும்பிப் போறன்.

— இருங்கோ. கதிரையை இஞ்சால இழுத்துப் போடுங்கோ. முதலில இருந்து சொல்லுங்கோ, பிழையை நான் திருத்திறன். நிருபன்ர தேப்பன் எனக்கு அடிக்கேக்க, என்ர அப்பா தமிழிலகூட வாய் திறக்கேல்லை.