நூற்றறுபது காட்டிய திரை

ஹட்டனில் தேநீர் நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்கள் அங்கே குடித்ததில்லை. நல்ல தூளெல்லாம் கப்பலேறிவிடும்.

2006இல் அங்கே கணினி கற்பித்த யாழ்ப்பாணத்து ஆசிரியன் நான், கோபிசங்கர். தேயிலைத் தோட்டங்களின் பழைய பிறப்புப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து வைக்க ஒரு தொண்டு நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத, தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துச் சனங்கள் அடையாள அட்டை எடுக்க அந்தப் பக்கங்களை விட்டால் வேறு அத்தாட்சி கிடையாது. எண்பது ஜிபி டிஸ்க்குகள் இரண்டைச் சேர்த்து, ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருக்கும்படி அமைக்கவேண்டும். ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டினேன். சுற்றி நின்றவர்கள் பூசை பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

ஸ்கேன் செய்ய வந்திருந்த வட்டவளைத் தோட்டத்துப் பெண் நாகலெட்சுமி மட்டும் திரையைப் படித்தாள்.

“சார், ரெண்டுலயும் ஒன்னையேதான வைக்கிறோம்? அப்ப எண்பதுதானங்க காட்டணும். நூத்தி அறுபது காட்டுதே.”

சரிதான். லெவல் ஒன்று என்று தட்டவேண்டிய இடத்தில் சைபர் தட்டியிருந்தேன். இனி எல்லாம் பாதி இங்கே, பாதி அங்கே. ஒரு டிஸ்க் போனால் முழுவதும் போய்விடும். திருத்தப் பத்து நிமிடம் போதும். ஆனால் கொழுந்து பறிப்பவளின் மகள் சொல்லி நான் திருத்துவதா?

“பிள்ளை, உமக்கு ஸ்கானர்தான் வேலை. அதைப் பாரும்,” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

வேலை முடிந்ததும், பூஞ்சணம் பிடித்த பதிவேடுகளை என்ன செய்வது என்று கேட்டார்கள். இரண்டு பிரதி இருக்கிறது, எரிக்கலாம் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். நான் பொறுப்பில்லாதவன் அல்ல. அதற்கு முன்பே எல்லாவற்றையும் என் சொந்த டிஸ்க் ஒன்றில் பிரதியெடுத்துக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு டிஸ்க் செத்தது. நாகலெட்சுமி மெஷினைச் சரியாக நிறுத்தாததே காரணம் என்று அறிக்கை கொடுத்தேன். அவளுக்கு வேலை போயிற்று. என்னிடம் இருந்ததைக் கொடுத்திருக்கலாம்தான். தனியாக ஏன் பிரதியெடுத்தாய் என்று கேட்பார்கள். அவள் சொன்னது சரி என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் இல்லை.

சில மாதம் கழித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கொழும்பில் கடையொன்றில் வேலை பார்த்த தம்பி சோலைமலையை, அடையாள அட்டை இல்லையென்று யுத்தகாலச் சோதனைச்சாவடியில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

“தம்பியோட பக்கம் மட்டுமாவது எடுக்க முடியாதுங்களா, சார்? அன்னைக்கு நா தெரியாம பேசிட்டேங்க. மன்னிச்சிருங்க.”

“எல்லாம் அழிஞ்சு போச்சுது, பிள்ளை,” என்றேன். அவள் மன்னிப்புக் கேட்டது எனக்கு நிறைவாக இருந்தது.

சோலைமலை இன்றுவரை திரும்பவில்லை. அவனைப் பிடித்தது நான் அல்லவே. அன்று அவள் போனபின் என் டிஸ்க்கை மாட்டித் திறந்து பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், மேலிருந்து நான்காவது பெயர். ஓர் எழுத்துக்கூட மங்கவில்லை. என் வேலையில் யாரும் பிழை பிடிக்க முடியாது.