நெவிலின் இடது பக்கம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது: மனித மூளையைப் பற்றி மருத்துவ உலகம் இதுவரை அறியாத மாபெரும் உண்மை ஒன்று, ஆஸ்திரேலியாவின் நட்டநடுவே, டென்னன்ட் கிரீக் ஊருக்குக் கிழக்கே ஒரு சாலையோரக் கடையில், ஜெனரேட்டர் நின்றுபோன இரவில் வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் ராய்ஸ், லாரி ஓட்டுகிறவர். நடந்தது அவருடைய அக்கா புருஷன் நெவிலுக்கு. அடுப்பைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்திருந்த லாரிக்காரர்கள், ஆறிப்போன உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றபடியே கேட்டார்கள்.

ராத்திரி இரண்டு மணி. இதே சாலை. எதிரே ஒரு விளக்குகூட இல்லை...

மூன்று பெட்டி கோத்த மாட்டு லாரியில் நெவில் தனியாக. அந்த வருஷம் அவன் உடம்பு அவன் பேச்சைக் கேட்கவில்லை. அடிக்கிற வெயிலில் கம்பளிச் சட்டை. குடம் குடமாகத் தண்ணீர், அதை இறக்க வழியெல்லாம் நிறுத்தம். கதவு நிலையில் இரண்டு தோளும் இடிக்கும். வீடு சுருங்கிவிட்டது என்பான். பெண்டாட்டி நோலீன் பக்கத்தில் படுத்தால் தலையணை படுத்த மாதிரி. "குடிக்கிறதும் ஊத்துறதும்தான் பொழப்பா? நான் ஒருத்தி இருக்கறது கண்ணுல படுதா?" என்று கேட்டாள். படவில்லை. அவள் பக்கவாட்டில் நின்றிருந்தாள்.

அந்த ராத்திரி, சாலையின் இடது பக்கம்... தப்.

சின்னச் சத்தம்தான். நெவில் பிரேக்கைத் தொடவில்லை. யாரும் தொடமாட்டார்கள். கங்காருவுக்காகப் பிரேக் போட்டால் மாடெல்லாம் கவிழும். இந்தச் சாலையின் சட்டம் அது.

அடுத்த மாதம் தலைவலியில் விழுந்தவனை அடிலெய்டுக்குக் கொண்டுபோனார்கள். கழுத்தில் பட்டாம்பூச்சி டை கட்டிய அறுவை மருத்துவர், ஊர்வலம் போல மாணவர்கள் பின்தொடர வந்து, கிரேனியோஃபாரிஞ்சியோமா என்றார். பார்வை நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்தை அழுத்தும் கட்டியாம். புற்று இல்லை, சாதுவானது என்று புகழ்ந்தார். மூக்கு வழியாகப் போய் எடுத்தார். உள்ளே இருந்த திரவம் இன்ஜின் ஆயில் மாதிரியே இருந்தது என்று பெருமையாகச் சொன்னார்.

"கடைசியா எப்ப மாத்தினதாம்?" என்றான் நெவில். மாணவர்கள் சிரித்தார்கள். டை சிரிக்கவில்லை.

பிறகு நெவில் ஒன்றே ஒன்று கேட்டான். "அப்ப இவ்வளவு நாளும் எனக்கு ரெண்டு ஓரமும் தெரியலையா?"

"தெரிஞ்சிருக்காது."

"இடது பக்கம் என்ன நின்னிருந்தாலும்?"

"அதான் சொல்றேனே. தெரிஞ்சிருக்காது."



ஓரங்கள் திரும்பி வந்தன. வாசனை போனது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதெல்லாம் மாத்திரையாக வந்தது. நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள்: "காய்ச்சல், அடி, பெரிய அதிர்ச்சி, எது வந்தாலும் ரெட்டிப்பாப் போட்டுக்கணும். இனிமே உங்க உடம்பு அதுவா சமாளிக்காது."

ஒரு வருஷம் போராடி லைசென்ஸைத் திரும்ப வாங்கினான். முதல் ஓட்டம், அதே சாலை, அதே இடம். பின்பெட்டியில் மாடு விழுந்த சத்தம். இறங்கிப் போய்ப் பார்த்தான். எல்லா மாடுகளும் நின்றுகொண்டிருந்தன... மூச்சுக்கூட விடாமல்.

சப்.

இடைவெளி.

சப்.

பெட்டிகளின் ஓரமாக, அவனுடைய இடது பக்கத்தில். தலையைத் திருப்பவில்லை, திருப்பத் தேவையில்லை, பார்வைதான் வந்துவிட்டதே. ஓர் ஆள். ஒரு காலில் ரப்பர் செருப்பு, மறு கால் வெறுங்கால். அவனைத் தாண்டிப் போனது. லாரியின் முன்பக்க இரும்புத் தடுப்புக்கு முன்னால் குனிந்தது. கம்பிகளுக்கு இடையில் கையை விட்டு, நிதானமாக, எதையோ துழாவியது...

நெவிலின் நெஞ்சு நிறுத்தி வைத்த வண்டி மாதிரி இருந்தது. இது பயம்தானா என்று யோசித்துப் பார்த்தான். தெரியவில்லை. நர்ஸ் சொன்னபடி மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். துழாவியது நிமிர்ந்து, இருட்டுக்குள் நடந்தது. சப்... ... சப்.

அடுப்பருகே யாரோ கேட்டார்கள்: "என்னய்யா தேடுச்சு?"

ராய்ஸ் சொன்னார். அந்தத் தப் கேட்ட மறுநாள் காலை, வண்டி கழுவும்போது, தடுப்பில் மாட்டியிருந்த ஒரு நீலச் செருப்பைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டானாம் நெவில். கேட்டவர்களிடம் கங்காரு என்றானாம்.

கங்காரு செருப்புப் போடாது.