நாலு மூலையிலும் மஞ்சள்

ஒரு மகனை அறுபத்திரண்டு ரூபாயில் செய்து முடித்துவிடலாம். கனத்த அட்டை பதினெட்டு, லேஸ் பன்னிரண்டு, தங்கப்பொடியும் பசையும் சேர்த்து இருபது, சாட்டின் ரிப்பன் ஏழு, காய்ந்த பூ ஐந்து. தபால்தலை இனாம். கூலி சேர்க்கவில்லை. மகனுக்குக் கூலி வாங்கும் அளவுக்கு நான் தாழ்ந்தவன் இல்லை, சார்.

எழுதிக்கொள்ளுங்கள். பெயர் சோமசேகரன், வயது நாற்பத்தெட்டு. காரைக்காலில் என் மகள் பெயரில் நித்யஸ்ரீ கார்ட்ஸ் என்று கடை. கல்யாணப் பத்திரிகை வாங்கி விற்பது சோற்றுக்கு. கையால் செய்யும் வாழ்த்து அட்டைகளும் பரிசுப் பொட்டலத்தில் தொங்கவிடும் டேக்குகளும் மனசுக்கு. பொங்கலுக்குக் கரும்பு டேக், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திர டேக், மாங்கனித் திருவிழாவுக்கு மாம்பழ டேக். துணி, மணல், கிளிஞ்சல், பழைய கடிதம், எது கிடைத்தாலும் ஒட்டுவேன். இதற்கு மிக்ஸட் மீடியா என்று பெயர். பெயர் வைத்த பிறகு குப்பைக்கும் நல்ல விலை கிடைக்கிறது.

அப்பா செல்லையனுக்கு ஜவுளிக்கடை. எங்கள் வீட்டில் பேச்சே பாதி விலையில்தான் ஆரம்பிக்கும். நான் பிறந்த நேரத்தில் தோஷம் இருக்கிறது என்று ஜோசியர் சொன்னபோது, பத்து நிமிடம் தள்ளிக் குறிக்க என்ன வாங்குவீர் என்று கேட்டாராம் அப்பா. அப்படித் தள்ளிக் குறித்த ஜாதகம்தான் என்னுடையது. பொய் நேரத்தில் பிறந்தவன் என்று நீங்கள் எழுத விரும்பினால் எழுதலாம்.

கடை இருக்கும் வீடு மதாம் ஒர்த்தான்ஸுடையது. அவர் மாடியில், நான் கீழே. கணவர் அல்பேர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் போன பிறகு பென்ஷன் மதாமுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரே மகன் பஸ்கால், பிரான்சில் துலூஸ் நகரத்தில். மருமகள் ஓரேலி, பேத்தி கிளோயே. எனக்கு வாடகை ஆயிரத்து நானூறு. பத்தொன்பது வருடமாக ஏறவில்லை. ஏற்றுங்கள் என்று நானும் சொல்லவில்லை; அந்த மரியாதை எங்கள் இருவருக்குள்ளும் இருந்தது.

மதாமின் இரண்டு கண்ணிலும் புரை. மணியார்டர் ரசீதிலிருந்து மருந்துச் சீட்டு வரை நான்தான் படிப்பேன். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்திருந்தேன். வருடா வருடம் பென்ஷனுக்காக உயிரோடிருக்கும் சான்று கொடுக்க வேண்டும், 'செர்த்திஃபிக்கா த வீ' என்பார் மதாம். கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் வாங்கிவருவேன். எதிரே உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருப்பவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று ஒரு காகிதம் சொல்ல வேண்டும், முத்திரையோடு. காகிதம் இல்லையென்றால் ஆள் இல்லை. இந்த ஊரில் பிறந்தவனுக்கு இது ஒன்றும் புதிதில்லை. பின்னால் நான் செய்ததும் இதேதான், திருப்பிப் போட்டுச் செய்தேன்.

பஸ்காலுக்கும் அம்மாவுக்கும் மனஸ்தாபம். வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்துவிடு என்று மகன் சொல்ல, "நேர்ல வந்து கூப்புடட்டும், போன்ல கூப்புட்டா நான் என்ன வாடகைக் காரா?" என்று மதாம் போனை வைத்துவிட்டார். அதன் பிறகு பேச்சில்லை. நோயல் என்கிற கிறிஸ்துமஸ், பாஸ்க் என்கிற ஈஸ்டர், பிரான்சில் மே மாதக் கடைசியில் வரும் அன்னையர் தினம், இந்த மூன்றுக்கும் மகனிடமிருந்து அட்டை மட்டும் வரும். மதாம் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வார்.

பேச்சு நின்ற மூன்றாம் வருடம் நவம்பரில் கறுப்புக் கரை போட்ட அட்டை ஒன்று வந்தது. மதாமுக்கு வரும் தபாலெல்லாம் கீழே என் மேசைக்குத்தான் வரும். மாரடைப்பு, வயது நாற்பத்தாறு, அடக்கம் முடிந்தது என்று அச்சடித்திருந்தது. கூடவே ஓரேலியின் கடிதம்: நீங்கள் தனியாக இருக்கக் கூடாது, டிக்கெட் அனுப்புகிறேன், வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வாருங்கள், அத்தை.

'வீட்டை விற்று' என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன்.

மாடிக்குப் போனேன். "யாருகிட்டேர்ந்து சோமு?" என்று கேட்டார். முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் போய் அதை எப்படிச் சொல்வது? "மகன்தான் மதாம். நோயலுக்கு முன்னாடியே போட்டுட்டாரு. ஒடம்பப் பாத்துக்கச் சொல்றாரு," என்றேன். அவர் சிரித்தார். செத்தவனை உயிர்ப்பிக்க எனக்கு ஆன செலவு அன்றைக்கு ஒரு வாக்கியம்தான். சிரிப்பு அவருடையது, லாபமும் அவருடையது. எனக்குக் கடை தங்கியது. அது வேறு விஷயம்.

அந்த டிசம்பரிலேயே முதல் அட்டையைச் செய்தேன். வந்த உறையிலிருந்து தபால்தலையை முத்திரையோடு நீராவியில் எடுத்து என் உறையில் ஒட்டினேன். மதாமுக்குக் கண் மங்க மங்க என் வேலை உயர்ந்தது. விரலால் தடவிப் பார்க்கிறவருக்குச் செய்ய வேண்டும் அல்லவா? பனிக்கு உப்பு, கூரைக்கு உப்புத்தாள், மெழுகுவர்த்திக்கு மெழுகே. "இந்தப் பய கைல இவ்வளவு நேக்கு இருக்கும்னு தெரியாதுடா," என்று தடவிக்கொண்டே இருப்பார். நான் பக்கத்தில் நின்றிருப்பேன். ஒரு கலைஞனுக்கு வேறென்ன வேண்டும்?

போன் எப்படி என்று கேட்பீர்கள். ரீசார்ஜ் செய்பவன் நான். ஓரேலியின் எண்ணைத் தடுத்துவைக்க ஒரு விரல் போதும். அதற்கு முன் மதாம் பெயரில் பிரெஞ்சில் ஒரு செய்தி அனுப்பினேன்: என் மகனைக் கொன்றது நீதான், இனி எனக்கு எழுதாதே. கடுமை என்று தோன்றும். மென்மையாகச் சொன்னால் மறுபடி எழுதுவார்கள். பேரத்தில் கடையை விட்டு இறங்கிப் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது.

ஓரேலி இன்னும் மூன்று கடிதம் போட்டுவிட்டு ஓய்ந்தார். பேத்தி ஓயவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை, தானே செய்த அட்டைகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. நல்ல பிரெஞ்சுக் காகிதம், தண்ணீர்ச் சாயத்தை அப்படியே குடிக்கும் காகிதம். மஞ்சளாய்ப் பெரிய சூரியன், நீலமாய்க் கடல், கடலில் ஒரு படகு, படகில் ஒரு பாட்டி. பிரெஞ்சில் பாட்டியை 'மாமி' என்பார்கள். 'மாமி, நீ ஏன் பதில் எழுதவில்லை' என்று பின்னால் எழுதியிருக்கும். குழந்தைகளுக்குப் பேரம் தெரியாது.

அவற்றை எரிக்க மனம் வரவில்லை. அவ்வளவு நல்ல காகிதம். வெட்டிப் பயன்படுத்தினேன். கடல் என் அட்டைகளில் வானமானது. மதாம் தடவிய வானத்தில் பாதி, பேத்தி தீட்டியது. அப்படிப் பார்த்தால் நான் அவர்களைப் பிரிக்கவே இல்லை.

அடுத்தது கண். கோட்டுச்சேரியிலிருந்து அறிவுமதி என்று ஒரு நர்ஸ், இலவசக் கண் முகாமுக்குப் பேர் எழுத வந்தது. மாடி ஏறி மதாமிடம் உட்கார்ந்து பேசியது.

"இருவது நிமிஷ வேலைம்மா. காலைல போனா சாயங்காலம் வந்துரலாம். அப்பறம் ஊசில நீங்களே நூலு கோக்கலாம்."

"வலிக்குமாடி?"

"எங்க மாமியார் அங்கயே படுத்துக் கொறட்ட விட்டாங்க. எழுப்பறதுக்குள்ள டாக்டருக்கு வேர்த்துருச்சு."

மதாம் விழுந்து விழுந்து சிரித்தார். பேர் எழுதிக்கொள் என்று சொல்லியும் விட்டார். கண் திறந்தால் அவர் முதலில் பார்ப்பது தலையணைக்கடியில் இருக்கும் அட்டைகளைத்தான். அந்த வருடப் பாஸ்க் அட்டை ஒரு வாரம் முன்னதாகவே வந்தது. 'அம்மா, அங்கே கண்ணில் கை வைக்க விடாதே. நான் வந்து இங்கே பெரிய டாக்டரிடம் காட்டுகிறேன். என் மேல் ஆணை.' வாசித்துக் காட்டினேன். மதாம் அறிவுமதிக்குச் சொல்லியனுப்பினார், மகன் வருகிறான் என்று. அடுத்த வருடமும் அதே பதில். அதற்குள் வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரிந்தது அவருக்கு.

நான் ஈவிரக்கம் இல்லாதவன் என்று நினைக்காதீர்கள். மாடிப்படி பதினாறு. கைப்பிடி கிடையாது. நானே சுவரோரம் ஒரு கயிறு கட்டினேன். வெறும் கயிறு இல்லை. படிக்குப் படி ஒரு டேக் கட்டித் தொங்கவிட்டேன். மேலிருந்து முதல் படிக்குச் சணல், திரும்பும் இடத்தில் கிளிஞ்சல், பிறகு லேஸ், உப்புத்தாள், கடைசிப் படிக்கு வெல்வெட். வெல்வெட் கையில் பட்டால் அடுத்த அடி தரை. இரண்டே நாளில் மதாம் பழகிக்கொண்டார். "எண்றதையே விட்டுட்டேன் சோமு. உன் கயிறு எண்ணிக்கிது," என்பார். என் வேலையிலேயே சிறந்தது அதுதான். விலைக்கு வராது.

இந்த வருடம் வைகாசி முகூர்த்தம் நெருக்கம். மண்டபத்தூர்க் கல்யாணத்துக்கு நானூறு பத்திரிகை. நாங்கள் மூலைக்கு மூலை மஞ்சள் தடவித்தான் கொடுப்போம். மஞ்சள் குழைத்த கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது. அதே மேசையில் அன்னையர் தின அட்டையையும் முடித்து உறையில் போட்டேன். கை தன்னால் போயிருக்கிறது, சார். ஐந்து வயதிலிருந்து, அப்பா கடையில் புதுக் கணக்கு நோட்டில் தொடங்கி, நல்லது சொல்லும் எந்தக் காகிதத்தையும் நாலு மூலை தொடாமல் இந்தக் கை வெளியே அனுப்பியதில்லை.

மதாம் அட்டையைத் தடவினார். பிறகு மூக்கருகில் கொண்டுபோனார்.

"சோமு, துலூஸ்ல மஞ்ச விக்கிதா?"

"இப்ப எல்லா ஊருலயும் எல்லாம் கெடைக்கிது மதாம். ஓரேலியம்மா சமைச்ச கையோட தொட்டிருப்பாங்க."

அவர் அட்டையைத் திருப்பினார். ஒவ்வொரு மூலையாக முகர்ந்தார்.

"நாலு மூலையிலயுமா?"

அவர் அவசரப்படவில்லை. தலையணைக்கடியில் இருந்த அட்டைகளை எல்லாம் உறையோடு எடுத்து மடியில் அடுக்கினார்.

"நாளைக்குக் காலைல அறிவுமதி வழக்கமா போடற ஊசி போட வருவா. தபால் முத்திரையில தேதி இருக்குமில்ல, அத அவள வாசிக்கச் சொல்றேன். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாட்டி என்ன, நம்பரு எல்லாருக்கும் ஒண்ணுதான்." பிறகு வேறு குரலில் கேட்டார்: "எம்புள்ள இருக்கானாடா?"

"இருக்காரு மதாம்."

"கீழ போ."

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அறிவுமதி வாசலில் வண்டியை நிறுத்தியது. "மாடிக்கு வரட்டாம்மா?" என்று கூப்பிட்டதற்கு, "நீ நில்லுடி, நான் வரேன்," என்று மேலேயிருந்து பதில் வந்தது. ஒரு கையில் அட்டைகள், ஒரு கையில் கயிறு. சத்தம் கேட்டு நானும் அறிவுமதியும் ஓடினோம். கீழே கருங்கல் வாசற்படி. தலை அதில் பட்டிருந்தது. அட்டைகள் சிதறிக் கிடந்தன. அறிவுமதி மதாமைப் பார்த்துக்கொண்டது, நான் அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டேன்.

கண் தெரியாத கிழவி தவறி விழுந்தார் என்றுதான் உங்கள் ஸ்டேஷனிலும் எழுதினீர்கள். அடக்கத்தன்று கறுப்புக் கரை அட்டையை நான்தான் செய்தேன். பணம் வாங்கவில்லை.

பங்குச் சாமியார் எப்படியோ தேடிப்பிடித்துச் சொல்ல, ஆனி மாதம் ஓரேலியும் கிளோயேயும் வந்தார்கள். மாங்கனித் திருவிழா நேரம். கடை நிறைய மாம்பழ டேக். அந்தப் பெண்ணுக்கு இப்போது பன்னிரண்டு வயது. கம்பியில் தொங்கிய டேக்குகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தது, ஒன்றில் நின்றது. எடுத்துத் திருப்பியது. அவசர வேலை, பின்பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டாமல் விட்டிருந்தேன். நீல மையில் 'மாமி, நீ ஏன்' என்று இருந்தது. மீதி, கத்தரித்த இடத்தோடு போயிருந்தது. மாம்பழத்தின் மஞ்சள், அது தீட்டிய சூரியன்.

அது அழவில்லை. "இது என்னுது," என்று பிரெஞ்சில் தாயிடம் சொன்னது. பிறகு என்னைப் பார்த்து, உடைந்த தமிழில், "எவ்ளோ?" என்று கேட்டது. பதினைந்து ரூபாய் என்று வாய் தன்னால் சொல்லிவிட்டது.

பின்பக்கம் ஒட்டாமல் விட்டது என் பிழை. தரம் குறைந்த வேலைக்குத் தண்டனை உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

ஓரேலி கொடுத்த புகாரில் கடிதங்களை மறைத்தது மட்டும்தான் இருக்கிறது. அதற்கு மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு நான் எழுந்து போயிருக்கலாம். ஆனால் பாதிக் கணக்கில் கையெழுத்துப் போட்டு எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. எனவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று காலை ஆறு மணிக்கு நான் படியில் ஏறினேன். வெல்வெட் டேக்கை அவிழ்த்து, ஐந்து படி மேலே கட்டினேன். அங்கிருந்த டேக்கைப் பையில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் இரண்டையும் அதனதன் இடத்தில் கட்டிவிட்டேன். முடிச்சு நன்றாகவே விழுந்திருக்கிறது, போய்ப் பாருங்கள்.

மொத்தம் சொல்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிரான்சிலிருந்து வந்தது: கறுப்புக் கரை ஒன்று, ஓரேலி எழுதியது நாலு, பேத்தியின் அட்டை ஏழு, ஆகப் பன்னிரண்டு. மதாமிடம் சேர்ந்தது, இல்லை. நான் செய்து கொடுத்தது ஒன்பது. அவர் சிரித்தது எட்டு. படி பதினாறு. அவர் இறங்கியது பதினொன்று. மீதி ஐந்து படி. எண்ணுவதை விட்டது அவர்தானே, சார். அந்த ஐந்தை அவர் பற்றிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.