ஜேகோவுக்கு ஒரு நாற்காலி

—அந்த நாற்காலியைத் தொடாதீங்க, லொவேனா. அது ஜேகோவுக்கு.

—தெரியுதுடி, என் குருவி. கறுப்புத் துணி போர்த்தி மெழுகுவத்தி வச்சிருக்கியே. நான் பக்கத்து நாற்காலியைத்தான் இழுத்தேன்.

—பக்கத்து நாற்காலி எனக்கு. நான் அவரு பெண்டாட்டி.

—நானும் பதினோரு வருஷம் அப்படித்தான் இருந்தேன், கெரென்ஸா.

—இருந்தீங்க. விவாகரத்து ஆகி இருபது வருஷமாச்சு. இன்னிக்கு உங்களை யாரு கூப்பிட்டது?

—உங்க பூசாரியம்மா ஸ்டெரென்தான். ‘சாவின்ங்கிற நம்ம பண்டிகை அன்னிக்குச் செத்தவங்களுக்கே கதவைத் திறந்து வைக்கிறோம், உசிரோட இருக்கிறவளுக்கு மூடுவோமா, வா’ன்னா. பென்சான்ஸ்ல பஸ் ஏறி வந்துட்டேன்.

—அவங்க ஊரையே கூப்பிடுவாங்க. இங்க பாருங்க, அவரு போய் ஏழு மாசமாச்சு. ஒரு கனவுல கூட எட்டிப் பார்க்கல. இன்னிக்காவது வருவாருன்னு நான் காலையிலேர்ந்து அடுப்படியில நிக்கிறேன். நீங்களும் நானும் ஒண்ணா இருக்கிறதைப் பார்த்தா வாசல்லயே திரும்பிடுவாரு. சொல்லிட்டேன்.

—அது என்னமோ உண்மைதான். என் மக கல்யாணத்துல நாம கத்தினப்ப கார்ல போய்ப் பூட்டிக்கிட்டானே.

—மழையில நான்தான் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டேன்.

—நான் மறுபக்கக் கண்ணாடியைத் தட்டினேன். நீ பார்க்கல.

—சிரிக்காதீங்க. அந்தக் கூடையில என்ன?

—குங்குமப்பூ கேக். அவனுக்கு உசிரு.

—அவருக்கா? பார்த்தாலே தொண்டை அடைக்குதும்பாரு!

—என்கிட்ட மூணு துண்டு தின்னுட்டு நாலாவது கேப்பான். நீ என்ன செஞ்ச?

—மாவு மூடிச் சுட்ட மத்தி மீன். தலையெல்லாம் மேல எட்டிப் பார்க்கும்ல, அது. தட்டை வழிச்சு நக்குவாரு.

—ஐயய்யோ! மீன் முறைச்சுப் பார்த்தா அவனுக்குச் சோறு இறங்காதே. எங்க கல்யாண விருந்துல அதுக்கு மேல கைக்குட்டையைப் போட்டு மூடினான்.

—அப்ப யாருகிட்ட பொய் சொன்னாரு?

—ரெண்டு பேருகிட்டயும்தான், குருவி. பயந்தாங்கொள்ளிப் பய.

—அடப்பாவி மனுஷா! ஒம்பது வருஷம் வாராவாரம் செஞ்சேனே... ஐயோ, எனக்கும் சிரிப்பு வருதே.

—சிரி. நல்லாச் சிரி. அடக்கத்தன்னிக்கு நான் சிரிக்கவும் இல்ல, அழவும் இல்ல. கால் உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தேன்.

—அதான் வரலையா? நான் வேற நினைச்சேன். நானும் உங்களுக்குச் சொல்லி அனுப்பல. மக சொல்லிப்பான்னு விட்டுட்டேன். தப்புதான்.

—விடு. கேக்கை எங்க வைக்கட்டும்?

—இந்தக் கோடியில. செத்தவங்களுக்கு வைக்கிற இந்த விருந்துல எல்லாமே தலைகீழ். முதல்ல இனிப்பு, கடைசியில சூப். ம்... இங்கயும் நீங்கதான் முந்திக்கிறீங்க.

—எல்லாம் தலைகீழ்னா முதல் பெண்டாட்டி கடைசியில்ல? நீ அவன் பக்கத்துலயே உக்காரு. நான் கேக்கோட இந்தக் கோடியில இருந்துக்கிறேன். இல்ல, இன்னும் பயமா இருக்குன்னா சொல்லு, கிளம்புறேன். பஸ் இருக்கு. அவன் வரணும், அவ்வளவுதான்.

—போகச் சொல்லவும் மனசு வரல. இருக்கச் சொன்னா அவரு வராம போயிடுவாரோன்னு இருக்கு. அதோ ஸ்டெரென் மணியை எடுத்துட்டாங்க.

—மணி எதுக்கு?

—அடிச்சாச்சுன்னா கடைசி வாய் சூப் குடிக்கிற வரைக்கும் யாரும் பேசக்கூடாது. பேசினா வந்தவங்க எழுந்து போயிடுவாங்க.

—பேசக் கூடாதா? நீயும் நானுமா? ஒரே மேசையிலயா?

—ஆமா. சீக்கிரம் சொல்லுங்க. வருவாரா, மாட்டாரா?

—அடி பைத்தியக்காரி, ஜேகோ ஒம்பது வருஷமா சாமிகிட்ட வேண்டிக்கிட்டதே நாம ரெண்டு பேரும் வாயை மூடணும்னுதான். ஓடியே வருவான், உக்காரு!